மறுபடியும் போய்ப் பார்ப்பது

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. அன்று போயா தினம். காலையில் சுனாமியாகக் கடல் ஏறி வந்தபோது திருக்கடலூர் முதல் நிலாவெளி, குச்சவெளி வரையும், துறைமுகத்துக்கு அப்பால் கிண்ணியா, மூதூர் வரையும் கரையோர வாழ்க்கை சில நிமிடங்களில் கலைந்துபோனது. கிண்ணியாவில் வைத்தியசாலையே அலையில் அகப்பட்டது. காயப்பட்டவர்களைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டிய இடமே சிதைந்து கிடந்தது. இருபது ஆண்டுகளாகப் போரையும் இடப்பெயர்வையும் கண்டுவந்த திருகோணமலை மாவட்டத்தின் மேல் விழுந்த அடி அது.

அடுத்த வாரங்களில் அரிசியும் கூடாரமும் மருந்தும் இலங்கைக்கு வந்து குவிந்தன. கூடவே, மனக்காயத்தை ஆற்றவென்று வெளிநாடுகளிலிருந்து உளவளத்துணையாளர்களும் வந்தார்கள். அவர்களில் சிலர் அன்று பரவலாக நம்பப்பட்ட ஒரு முறையைக் கையில் வைத்திருந்தார்கள். பேரிடரில் தப்பியவரைச் சில நாட்களுக்குள் உட்கார வைத்து, கண்டது, கேட்டது, உணர்ந்தது எல்லாவற்றையும் ஒரே அமர்வில் சொல்ல வைத்துவிட்டால் பின்னால் வரக்கூடிய நோயைத் தடுக்கலாம் என்பது அந்த முறை. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. மனதில் கிடப்பதைக் கொட்டினால் பாரம் குறையும் என்று நாமும்தான் சொல்கிறோம்.

சோதித்துப் பார்த்தவர்களுக்குக் கிடைத்த விடை வேறு. தீக்காயம் பட்டு வைத்தியசாலையில் இருந்தவர்களிடம் பிரித்தானியாவில் செய்யப்பட்ட ஓர் ஆய்வு 1997இல் வெளியானது. ஒரு பகுதியினருக்கு அந்த ஓர் அமர்வு நடத்தப்பட்டது. மறுபகுதியினரை அப்படியே விட்டார்கள். 13 மாதங்கள் கழித்துப் பார்த்தபோது, அமர்வில் பேச வைக்கப்பட்டவர்களில் 26 சதவீதத்தினருக்கும் விடப்பட்டவர்களில் 9 சதவீதத்தினருக்கும் பேரதிர்ச்சிக்குப் பின்னான மனநெருக்கீட்டு நோய் இருந்தது. முதல் குழுவினர் தொடக்கத்திலேயே சற்றுக் கூடுதலாகப் பாதிக்கப்பட்டிருந்தார்கள் என்பதை ஆய்வாளர்களே குறிப்பிட்டார்கள். ஆனால் இத்தகைய ஆய்வுகள் பலவற்றைச் சேர்த்துப் பார்த்த மதிப்பாய்வுகளும் அந்த அமர்வால் நன்மை எதையும் காணவில்லை. உலக சுகாதார நிறுவனம் இப்போது அதைப் பரிந்துரைப்பதில்லை. 2011இல் அது வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு மூன்று வேலைகளையே முன்வைக்கிறது: பார்ப்பது, கேட்பது, உரிய உதவியோடு இணைப்பது. எவரையும் கதை சொல்லக் கட்டாயப்படுத்தாதே என்கிறது.

ஒருமுறை வந்து ஆழமாகக் கிளறிவிட்டுப் போவதால் மனம் ஆறுவதில்லை. இந்த அத்தியாயம் அதற்கு எதிர்த்திசையில் உள்ள ஒரு செயலைப் பற்றியது. மனம் நொந்துபோன ஒருவரை, பெரிதாக எதுவும் சொல்லத் தெரியாத ஒரு சினேகிதர் மறுபடியும் மறுபடியும் போய்ப் பார்க்கிறார். அதை நல்ல குணம் என்று பாராட்டிவிட்டுக் கடந்துவிடுகிறோம். அது உயிரைக் காக்கக்கூடும் என்பதற்குக் கணக்கே இருக்கிறது.

நோவு எங்கே இருக்கிறது?

இலங்கையில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றும் உளவியலாளர் காயத்ரி பெர்னாண்டோ, போரும் கடலும் தாக்கிய மக்கள் தங்கள் துயரை எந்தச் சொற்களால் சொல்கிறார்கள் என்று அவர்களிடமிருந்தே திரட்டினார். மேற்கத்திய வினாக்கொத்துகள் மனதுக்குள் நடப்பதைக் கேட்கின்றன: கெட்ட கனவு வருகிறதா, திடுக்கிடுகிறீர்களா, நினைவு துரத்துகிறதா? அவர் சந்தித்தவர்கள் தங்களுக்கும் மற்றவர்களுக்கும் இடையில் அறுந்துபோனதைப் பற்றியே கூடுதலாகப் பேசினார்கள். குடும்பத்தில் தன் பங்கைச் செய்ய முடியவில்லை, ஊரில் தனக்கென்று இருந்த இடம் போய்விட்டது, ஒருவரோடும் ஒட்ட முடியவில்லை என்பதே அவர்களுடைய நோவாக இருந்தது. யாழ்ப்பாணத்தில் நீண்டகாலம் பணியாற்றிய உளமருத்துவர் தயா சோமசுந்தரமும் இதே திசையில் எழுதியிருக்கிறார். போர் தனி மனிதரை மட்டும் காயப்படுத்துவதில்லை. நம்பிக்கை, அயல், உறவு என்று ஒரு சமூகம் தன்னைத் தாங்க வைத்திருந்த வலையையே கிழிக்கிறது என்பது அவர் விளக்கிய கூட்டு மனவடு.

இது போர் நடந்த தேசத்துக்கு மட்டும் உரியதல்ல. லண்டனின் தென்பகுதியில் கேம்பர்வெல்லில் வாழ்ந்த 458 பெண்களை ஜோர்ஜ் பிரௌன், திரில் ஹாரிஸ் என்ற இருவர் ஆராய்ந்து 1978இல் நூலாக வெளியிட்டார்கள். சாவு, பிரிவு, வேலையிழப்பு போன்ற அடி விழுந்த எல்லோருக்கும் மனச்சோர்வு வந்துவிடவில்லை. மனம் திறந்து பேச நெருக்கமான ஒருவர் இருந்த பெண்களைவிட, அப்படி ஒருவரும் இல்லாத பெண்களுக்கு அது பல மடங்கு கூடுதலாக வந்தது.

உடலுக்குள் என்ன நடக்கிறது என்பதையும் ஓரளவு பார்க்க முடிந்திருக்கிறது. அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் கோன் 2006இல் வெளியிட்ட ஆய்வில், மணமான 16 பெண்களை மூளை ஸ்கேன் கருவிக்குள் படுக்க வைத்து, காலில் சிறிய மின்னதிர்ச்சி வரப்போவதாக அறிவித்தார்கள். தனியாக இருந்தபோது மூளையில் ஆபத்தை எதிர்கொள்ளும் பகுதிகள் பரபரத்தன. முன்பின் தெரியாத ஒருவரின் கையைப் பிடித்திருந்தபோது பரபரப்பு கொஞ்சம் குறைந்தது. கணவரின் கையைப் பிடித்திருந்தபோது நன்றாகக் குறைந்தது. உறவு எவ்வளவு நல்லதாக இருந்ததோ அவ்வளவுக்குக் குறைந்தது. அதிர்ச்சி அதே அதிர்ச்சிதான். ஆள் பக்கத்தில் இருப்பதை மூளை தன் கணக்கில் சேர்த்துக்கொள்கிறது.

ஒன்பது தடவை

1953இல் லண்டனில் சாட் வாரா என்ற பாதிரியார், சாக நினைப்பவர்கள் தன்னோடு பேசலாம் என்று ஒரு தொலைபேசி இலக்கத்தை அறிவித்தார். நேரிலும் ஆட்கள் வந்து குவிந்தார்கள். காத்திருந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்துப் பக்கத்தில் இருக்கச் சில தொண்டர்களை வைத்தார். கொஞ்ச நாளில் ஒன்றைக் கவனித்தார்: அந்தத் தொண்டர்களோடு இருந்துவிட்டு, இனிப் பாதிரியாரைப் பார்க்கத் தேவையில்லை என்று பலர் திரும்பிப் போனார்கள். சில மாதங்களிலேயே அந்த வேலையைத் தொண்டர்களிடம் ஒப்படைத்தார். சமாரிட்டன்ஸ் அமைப்பு அப்படித்தான் உருவானது. அந்த வழியில் 1974இல் ஜோன் டி மெல் கொழும்பில் தொடங்கியது சுமித்ரயோ. 1986இல் உளமருத்துவர் லட்சுமி விஜயகுமார் சென்னையில் தொடங்கியது சினேகா.

சாட் வாரா கண்ணால் கண்டதை அளந்து பார்க்கும் வாய்ப்பு அரை நூற்றாண்டு கழித்து வந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு ஒன்று பிரேசில், ஈரான், சீனா ஆகிய நாடுகளில் ஒவ்வோர் இடத்திலும், கூடவே கொழும்பிலும் சென்னையிலும் நடந்தது. உயிரை மாய்க்க முயன்று வைத்தியசாலைக்கு வந்து பிழைத்த 1,867 பேர் அதில் சேர்க்கப்பட்டார்கள். ஒரு பகுதியினருக்கு வழக்கமான சிகிச்சை. மற்றப் பகுதியினருக்கு வீடு திரும்பும் முன் ஒரு மணிநேரம் தனியாக விளக்கம். அதன்பின் 18 மாதங்களில் 9 தடவை தொலைபேசியிலோ நேரிலோ தொடர்பு. எப்படி இருக்கிறீர்கள், என்ன உதவி வேண்டும் என்று சுருக்கமாகக் கேட்பதுதான் அந்தத் தொடர்பு. 2008இல் முடிவு வெளியானது. வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 2.2 சதவீதத்தினர் அந்தக் காலத்துக்குள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். தொடர்பு வைக்கப்பட்டவர்களில் அது 0.2 சதவீதம்.

அந்த ஒன்பது தடவைகளின் அட்டவணையை ஒவ்வொரு சினேகிதரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்: 1, 2, 4, 7, 11 ஆகிய வாரங்கள், பிறகு 4, 6, 12, 18 ஆகிய மாதங்கள். முதலில் நெருக்கமாகவும் போகப்போக இடைவெளி விட்டும் அமைத்திருக்கிறார்கள். நம்முடைய வழக்கத்தோடு இதை வைத்துப் பாருங்கள். செத்த வீட்டில் எட்டுச் செலவு வரை ஆள் நிறைந்திருக்கும். அந்தியேட்டி வரை வந்து போவார்கள். முஸ்லிம் வீடுகளில் நாற்பதாம் நாள் வரை கத்தம் ஓதக் கூடுவார்கள். பெரும் துயரின் தொடக்கத்தில் தனியாக விடக்கூடாது என்ற அறிவு இந்தச் சடங்குகளில் இருக்கிறது. ஆனால் அதற்குப் பிறகு வரும் நாலாம் மாதத்திலும் ஆறாம் மாதத்திலும் வாசலில் செருப்பு எதுவும் இருப்பதில்லை. மனநோயால் வீட்டுக்குள் முடங்கியவருக்கோ முதல் வாரக் கூட்டம்கூட இல்லை. அவருக்கென்று எந்தச் சடங்கும் இல்லை.

சான் பிரான்சிஸ்கோவில் ஜெரோம் மொட்டோ என்ற உளமருத்துவர் இதைவிட எளிதான ஒன்றைச் செய்து பார்த்தார். வைத்தியசாலையிலிருந்து வெளியேறி மேற்கொண்டு சிகிச்சைக்கு வர மறுத்த 843 பேரில் பாதிப் பேருக்கு ஐந்து ஆண்டுகளில் 24 சிறு கடிதங்கள் போயின. உங்களை நினைத்துக்கொண்டோம், நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம், விரும்பினால் எழுதுங்கள் என்பதைத் தவிர அவற்றில் ஒன்றும் இல்லை. முதல் இரண்டு ஆண்டுகளில், கடிதம் கிடைத்தவர்களிடையே தற்கொலை தெளிவாகக் குறைந்திருந்தது.

பின்னர் வேறு நாடுகளில் செய்த ஆய்வுகள் எல்லாமே இதே அளவுக்குப் பலன் காட்டவில்லை. கொழும்பு, சென்னை ஆய்விலும் தொடர்பு வைத்தவர்கள் அனுபவமுள்ள சுகாதாரப் பணியாளர்கள்; சினேகிதர்கள் அல்ல. சினேகம் சிகிச்சைக்கு மாற்று என்று இதிலிருந்து முடிவு கட்டக்கூடாது. ஆனாலும் ஒன்று உறுதியாகத் தெரிகிறது. அந்தத் தொடர்புகளில் அரிய ஆலோசனை எதுவும் சொல்லப்படவில்லை. கேட்ட மனிதர் திரும்பவும் கேட்டார், அவ்வளவுதான். அதைச் செய்ய நமக்குப் பட்டம் தேவையில்லை.

எதைக் கவனிப்பது?

எங்கள் பக்கத்தில் எவரும் வந்து "எனக்கு மனச்சோர்வு" என்று சொல்வதில்லை. உடம்புதான் முதலில் பேசும். நெஞ்சு அடைக்குது, தலை இரையுது, உடம்பெல்லாம் எரியுது, நித்திரை வருகுதில்ல என்பார்கள். பெருமூச்சு அடிக்கடி வரும். "ஒரே யோசினை" என்பார்கள். ஒவ்வொரு மருந்துக்கடையிலும் வலிநிவாரணி வாங்குவார்கள். பரிசோதனையில் ஒன்றும் தெரியாது. ஆண்களிடம் அது எரிச்சலாகவும் குடியாகவும் வருவது அதிகம். தொழிலுக்குப் போய்வந்தவர் வள்ளம் இறக்க வருவதில்லை. துறைமுகத்தில் வேலை செய்பவர் அடுத்தடுத்து லீவு போடுகிறார். ஒவ்வொரு வெள்ளியும் பள்ளிவாசலில் அல்லது பத்திரகாளி அம்மன் கோயிலில் காணும் முகத்தைக் காணவில்லை. வட்ஸ்அப் குழுவில் பகிடி விடுபவர் வாசித்துவிட்டுப் பேசாமல் இருக்கிறார்.

கவலை எல்லோருக்கும் வரும். கவலையிலிருந்து நோயைப் பிரிக்க மருத்துவர்கள் காலத்தையும் செயலையும் பார்க்கிறார்கள். இரண்டு வாரங்களுக்கு மேலாக, அநேகமாக நாள் முழுதும், மனம் தாழ்ந்தே இருக்கிறது அல்லது எதிலும் விருப்பம் இல்லை. அதோடு நித்திரை, பசி, களைப்பு, கவனம் ஆகியவை கெடுகின்றன. நான் ஒன்றுக்கும் உதவாதவன் என்ற எண்ணமோ சாக வேண்டும் என்ற எண்ணமோ வருகிறது. வேலையும் வீடும் பாதிக்கப்படுகின்றன. இப்படியானால் அது சிகிச்சை தேவைப்படும் நிலை. நோயின் பெயரைச் சொல்வது மருத்துவரின் வேலை. மாற்றத்தைக் காண்பது சினேகிதரின் வேலை. முன்பு அவர் எப்படி இருந்தார் என்று மருத்துவருக்குத் தெரியாது; உங்களுக்குத்தான் தெரியும்.

என்ன கதைப்பது?

தனியாகச் சந்தியுங்கள். எதிரெதிரே உட்கார வேண்டும் என்றில்லை. டச்சுக் குடாக் கடற்கரையில் நடந்துகொண்டு, வலையைப் பொத்திக்கொண்டு, சமையலில் கூடமாட நின்றுகொண்டு கதைப்பது பலருக்கு எளிது. கண்டதைச் சொல்லித் தொடங்குங்கள். "மச்சான், கொஞ்ச நாளா நீ முந்தி மாதிரி இல்ல. நான் கவனிச்சுக்கொண்டுதான் இருக்கிறன். என்ன செய்யிது?" பெரும்பாலும் முதல் விடை, "ஒண்டும் இல்லடா, சும்மா." அதை ஏற்றுக்கொண்டு, "சரி, வியாழக்கிழமை பின்னேரம் வாறன்" என்று சொல்லிவிட்டு வாருங்கள். பிறகு வியாழக்கிழமை பின்னேரம் கட்டாயம் போங்கள். சொன்ன நேரத்துக்குப் போவதில்தான் பாதி மருந்து இருக்கிறது.

அவர் பேசத் தொடங்கினால் இடையில் புகாதீர்கள். "உன்னைவிடக் கஷ்டப்பட்டவங்கள் எத்தனை பேர் இருக்கிறாங்கள்", "சுனாமியையே தாண்டின ஆள் நீ, இதெல்லாம் ஒரு விசயமா?", "கோயிலுக்குப் போ, எல்லாம் சரியாகும்" ஆகிய மூன்றும் அன்பால் சொல்லப்படுபவைதான். ஆனால் கேட்பவருக்கு அவை கதவடைக்கும் சத்தமாகவே கேட்கும். கோயிலும் தொழுகையும் பலரைத் தாங்குகின்றன; போக விரும்பினால் கூடப் போங்கள். போனால் சரியாகும் என்ற நிபந்தனையை மட்டும் வைக்காதீர்கள். சரியாகாதபோது, தன் பக்தியிலும் குறை என்று அவர் நினைப்பார்.

கேட்டுக்கொண்டே இருப்பதிலும் ஓர் ஆபத்து உண்டு. 1989 அக்டோபர் 17 அன்று கலிபோர்னியாவில் நிலநடுக்கம் வந்தது. அதற்கு 14 நாட்களுக்கு முன்புதான் உளவியலாளர் சூசன் நோலன்-ஹொக்சிமா 137 மாணவர்களின் மனநிலையை அளந்திருந்தார். அதனால் பேரிடருக்கு முன்னும் பின்னும் ஒப்பிட முடிந்தது. சோர்வு வரும்போது அதையே திரும்பத் திரும்ப நினைத்துச் சுழலும் பழக்கம் உள்ளவர்கள், ஏழு வாரம் கழித்தும் மற்றவர்களைவிடக் கூடுதலாகச் சோர்ந்திருந்தார்கள். இருவராகச் சேர்ந்து சுழன்றால் என்னவாகும் என்று அமண்டா ரோஸ் 813 மாணவரிடம் ஆராய்ந்து 2007இல் எழுதினார். ஒரே பிரச்சினையைச் சேர்ந்து அலசி அலசிப் பேசிய தோழிகளின் நெருக்கம் கூடியது. சோர்வும் பதற்றமும் அதனோடு கூடின. ஆகவே ஒரே கதை மூன்றாம் தடவை வரும்போது, கதையை வெட்டாமல் காலை அசையுங்கள். "வா, கதைச்சுக்கொண்டே கோணேசர் கோயிலடி வரைக்கும் நடந்திட்டு வருவம்."

நடைக்கும் சான்று உண்டு. மனம் தேறிய பிறகு எழும்பலாம் என்று காத்திருக்காமல், முதலில் சின்னதாக ஒன்றைச் செய்தால் மனம் பின்னால் வரும் என்பது செயலூக்கச் சிகிச்சையின் அடிப்படை. கோவாவில் உளநலத் துறையில் முன்பயிற்சி எதுவும் இல்லாத ஊரவர்களுக்கு அதைக் கற்றுக்கொடுத்து, மனச்சோர்வு கடுமையாக இருந்த 495 பேரிடம் சோதித்தார்கள். 2017இல் வெளியான முடிவின்படி, அதையும் சேர்த்துப் பெற்றவர்களில் மூன்று மாதத்தில் 64 சதவீதத்தினருக்கு நோய் தணிந்தது; வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் அது 39 சதவீதம். சினேகிதர் செய்யக்கூடிய பங்கு இதில் தெளிவு. "ஏதாவது உதவி வேணுமெண்டா சொல்லு" என்று விட்டால், சோர்ந்தவரால் சொல்ல முடியாது. எதைக் கேட்பது என்று தீர்மானிப்பதே அவருக்கு மலை. "நாளைக்கு ஆறு மணிக்கு மீன் வாங்கப் போறன், உன்னையும் ஏத்திக்கொண்டு போறன்" என்பதற்கு ஓம் என்று தலையாட்டினால் போதும்.

காணாமல் போனவர்களின் வீட்டில்

இந்த மாவட்டத்தில் சினேகிதராக இருப்பவர் இன்னொரு துயரையும் அறிந்திருக்க வேண்டும். போர்க்காலத்தில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் திருகோணமலையிலும் 2017 முதல் வீதியில் இருந்து விடை கேட்டுவந்தார்கள். கணவர் உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்று தெரியாத பெண் பொட்டு வைப்பதா அழிப்பதா, திவசம் கொடுப்பதா விடுவதா? கொடுத்தால் அவரைக் கொன்றுவிட்டதாகத் தோன்றும். விட்டால் ஆத்மா சாந்தியின்றி அலைவதாகத் தோன்றும்.

வியட்நாம் போரில் காணாமல் போன படையினரின் குடும்பங்களை 1970களில் ஆராயத் தொடங்கிய அமெரிக்க ஆய்வாளர் போலின் பொஸ் இதைத் தெளிவற்ற இழப்பு என்று வகைப்படுத்தினார். இங்கே துயரம் முடியாமல் இருப்பது அந்தப் பெண்ணின் பலவீனம் அல்ல. முடிவு இல்லாத நிலைமைதான் காரணம். "இனி அவர் வரமாட்டார், மறந்திடு" என்பதும், "எப்பிடியும் வருவார், அழாதே" என்பதும் இரண்டுமே அவரைத் தனிமைப்படுத்தும். வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம் என்ற இரண்டையும் சேர்த்துத் தாங்கக் கற்பதுதான் வழி என்றார் பொஸ். காணாமல் போனவரின் பெயரை அஞ்சாமல் சொல்லிக் கதைக்கும் ஒரு சினேகிதி அந்தத் தாங்குதலைச் சற்று எளிதாக்குவார்.

ஆபத்து நெருங்கும்போது

"எல்லாருக்கும் நான் பாரம்", "நான் இல்லாட்டி நிம்மதி" என்ற பேச்சு வந்தால், அல்லது ஒருவர் திடீரெனக் கடனை எல்லாம் தீர்த்து, பொருட்களைக் கொடுத்து, விடைபெறுவதுபோல நடந்தால், நேராகக் கேளுங்கள்: "சாகோணும் எண்ட எண்ணம் வருதா?" கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்ற பயம் எல்லோருக்கும் இருக்கிறது. நியூயோர்க் மாநிலத்தின் ஆறு பாடசாலைகளில் 2,342 மாணவரிடம் இதைச் சோதித்து 2005இல் வெளியிட்டார்கள். அந்தக் கேள்வி கேட்கப்பட்டவர்களிடம் அந்த எண்ணமோ மனவருத்தமோ கூடவில்லை. முன்பே சோர்வில் இருந்தவர்களுக்குக் கேள்வி ஆறுதலாகவே இருந்தது.

விடை ஓம் என்றால் தனியே விடாதீர்கள். பதறாதீர்கள், திட்டாதீர்கள், "ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்" என்று சத்தியம் செய்யாதீர்கள். வேறு எந்த இரகசியத்தையும் காக்கலாம். இதைக் காக்க முடியாது. அவர் நம்பும் ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். தேசிய உளநல நிறுவகத்தின் 1926, இலவச ஆலோசனைச் சேவையான 1333 ஆகிய இலக்கங்களை உங்கள் தொலைபேசியில் இப்போதே பதிந்துவையுங்கள். உயிராபத்து என்றால் 1990 சுவசெரிய அம்புலன்ஸ்.

இன்னொரு பாடத்தை உலகுக்கே இலங்கைதான் கற்றுக்கொடுத்தது. 1995இல் ஒரு லட்சம் பேருக்கு 47 என்ற அளவில், உலகில் தற்கொலை மிகக் கூடிய நாடுகளில் ஒன்றாக இது இருந்தது. மிகக் கொடிய பூச்சிகொல்லிகளை அரசு ஒவ்வொன்றாகத் தடைசெய்தது. 2015க்குள் ஏறக்குறைய 93,000 உயிர்கள் காக்கப்பட்டதாக ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். சாகும் உந்துதல் பெரும்பாலும் அலையாக வந்து தணிவது. அந்த நேரத்தில் ஆபத்தான பொருள் எட்டும் தூரத்தில் இல்லாவிட்டால் ஆள் பிழைப்பார், பிழைத்தவர்களில் பெரும்பாலானோர் வாழ்ந்துவிடுவார்கள். தம்பலகாமம், கந்தளாய், மூதூர் என்று வயல் செய்யும் வீடுகளில் இது முக்கியம். பூட்டி வைத்தால் போதும் என்று நினைக்க வேண்டாம். அயலில் உள்ள வடமத்திய மாகாணத்தில் 180 கிராமங்களில் பூட்டுப் பெட்டி கொடுத்துச் செய்த பெரிய ஆய்வு, 2017இல், பெட்டியால் பலன் இல்லை என்று காட்டியது. ஆபத்தான பொருளையும் மிஞ்சிய குளிசைகளையும் வீட்டை விட்டே வெளியே கொண்டுபோய் வேறொருவர் பொறுப்பில் வையுங்கள்.

பொலிஸ் வழக்கு வரும் என்று பயந்து வைத்தியசாலைக்குப் போகாமல் ஒளிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். தற்கொலை முயற்சி இலங்கையில் 1998 முதல் குற்றம் அல்ல. தயங்காமல் கொண்டுபோங்கள்.

கிளினிக் வரிசையில்

சுனாமிக்கு முன் நாட்டின் 27 சுகாதார மாவட்டங்களில் 10இல் மட்டுமே உளநலச் சேவைக் கட்டமைப்பு இருந்தது. அழிவுக்குப் பின் எழுந்த அக்கறையையும் 2005இன் தேசிய உளநலக் கொள்கையையும் பயன்படுத்தி அதை 20ஆக உயர்த்தினார்கள். இன்று திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையில் உளநலப் பிரிவு இருக்கிறது. அரச சிகிச்சை இலவசம். இருந்தும் படி ஏறப் பலர் தயங்குகிறார்கள். சின்ன ஊர், வரிசையில் தெரிந்த முகம் நிற்கும், மனநோய் வைத்தியசாலை இருக்கும் ஊரைச் சொல்லி, "அங்கொடைக்குப் போக வேண்டிய கேஸ்" என்ற பழிச்சொல் காதில் ஒலிக்கும்.

இங்கே சினேகிதர் கூட நிற்பது பேச்சைவிடப் பெரிது. முச்சக்கரவண்டி பிடித்து, துண்டு எடுத்து, வரிசையில் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். எத்தனை நாளாக நித்திரை இல்லை, எப்போது மாற்றம் தொடங்கியது என்று முன்கூட்டியே எழுதிக்கொண்டுபோனால் மருத்துவருக்குக் கிடைத்த சில நிமிடங்களும் வீணாகாது. மனச்சோர்வுக் குளிசைகள் வேலை செய்யப் பொதுவாக இரண்டு முதல் ஆறு வாரம் எடுக்கும். வாய் உலர்தல், வயிற்றுப் பிரட்டல் போன்ற பக்கவிளைவுகளோ முதல் நாட்களிலேயே வரும். பலர் மருந்தை நிறுத்துவது அந்த இடைவெளியில்தான். ஒன்பது தடவை அட்டவணையின் முதல் நான்கு வருகைகளும் ஏறக்குறைய அந்த வாரங்களிலேயே விழுகின்றன. "இண்டைக்குக் குளிசை போட்டியா?" என்று காவல் காக்காமல், "இந்தக் கிழமை எப்பிடி?" என்று கேளுங்கள், நிறுத்த நினைத்தால் மருத்துவரிடம் சேர்ந்து போங்கள்.

தாங்குபவர்கள் எத்தனை பேர்?

கொழும்பிலும் சென்னையிலும் தொடர்பு வைத்த பணியாளர்களுக்குப் பின்னால் ஒரு குழு இருந்தது. தனியாக நிற்கும் சினேகிதருக்கு அது இல்லை. நள்ளிரவு அழைப்புகள் தொடர்ந்தால் அவருக்கும் நித்திரை கெடும், குடும்பத்தில் சண்டை வரும், ஒருநாள் சலித்து விலகிவிடுவார். அப்படி விலகுவது, ஏற்கெனவே பலரை இழந்தவருக்கு இன்னோர் இழப்பு. அதனால் நோயாளியின் சம்மதத்தோடு தொடக்கத்திலேயே இரண்டு மூன்று பேராகச் சேருங்கள். ஒருவர் நேரில் போகட்டும். ஒருவர் கிளினிக் நாளைப் பார்க்கட்டும். டொரொன்டோவிலோ லண்டனிலோ இருக்கும் மூன்றாமவர் ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வரட்டும். எந்த நேரம் அழைக்கலாம், எந்த நேரம் 1926ஐ அழைக்க வேண்டும் என்று அவரிடம் நேர்மையாகச் சொல்லிவிடுங்கள். செய்ய முடிந்ததைச் சொல்லி, சொன்னதைச் செய்வதே அவருக்குப் பாதுகாப்பு.

எல்லாம் செய்தும் சிலர் போய்விடுகிறார்கள். ஒரு புற்றுநோய்ச் சாவுக்கு எந்தச் சினேகிதரும் தன்னைக் குற்றவாளியாக நினைப்பதில்லை. இந்த நோய்ச் சாவுக்கும் நினைக்கக்கூடாது. பின்னால் எஞ்சி நிற்கும் தாய்க்கும் மனைவிக்கும் சினேகிதருக்கும் அதே தொடர்பு, அதே 18 மாதம் தேவைப்படும்.

ஆனால் பெரும்பாலானவர்கள் தேறுகிறார்கள். மனச்சோர்வின் ஓர் அலை பலருக்கு ஓராண்டுக்குள் தணிந்துவிடும். பழையபடி வள்ளம் இறக்குவார், பகிடி விடுவார், நம்மையே ஏசுவார். அந்த நேரத்தில் நாமும் ஓய்ந்துவிடுகிறோம். ஆனால் ஒருமுறை வந்த மனச்சோர்வு மறுபடி வரும் வாய்ப்பு அதிகம். ஒன்பது தடவை ஆய்வில் 12ஆம் மாதத்திலும் 18ஆம் மாதத்திலும்கூடத் தொடர்பு வைத்தார்கள். நோயில் கிடந்த நாளில் மட்டும் போய்ப் பார்த்தால், நாம் நோயைத்தான் பார்க்க வந்தோம் என்று அவர் எண்ணக்கூடும். நலமாக இருக்கும் நாளில் காரணம் எதுவும் இல்லாமல் போய் நின்றால், அடுத்த அலை எழும்போது அவரே முதலில் நம்மை அழைப்பார்.